வட்டுக்கோட்டைச் செமினரியும் கல்விவழிச் சமயப் பிரசாரமும்

மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து விளக்கத்துடன் வெளியிட்ட திரு. ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்களைச் சைவ உலகம் நன்கறியும். அவர்கள் பதிப்பு வெளிவந்தது 1895-ஆம் ஆண்டில். அதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்னரே, 1854-ஆம் ஆண்டில், அந்நூல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பெற்று, அமெரிக்க நாட்டுக் கீழ்த்திசைக் கலைக் கழகத்தாரின் ஏட்டில் அச்சேறியது. உமாபதி சிவாசாரியரின் சிவப்பிரகாசமும், தத்துவங்களைத் தொகுத்துரைக்கும் தத்துவக் கட்டளையும் அதனோடு ஒருங்கே வெளிவந்தன. இவற்றைப் பெயர்த்தவர் சைவரல்லர். ஹென்றி ஹொய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் நடாத்திய செமினரிக்குப் பல ஆண்டுகள் தலைவராய் இருந்தவர் அவர்.

அந்நூல்கள் வெளிவந்த மறு ஆண்டிலேயே, 1855-இல், அச்செமினரி மூடப்பட்டது. மூடியவர் சைவரல்லர், அரசினருமல்லர். மிஷனாரை அனுப்பிய பாஸ்டன் நகரத்துத் தலைமைச் சங்கத்தாரே தம் செயலாளரை நேரில் அனுப்பி அதனை மூடுவித்தனர். முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பொருளும் ஆளும் சொரிந்து வளர்த்த கலாசாலையைப் பெற்றவரே அடைக்கத் துணிந்தது ஏன் என்பது சைவர் கருதிப் பார்த்தற்குரியது. கிறித்தவ சமயப் பிரசாரத்தைப் பற்றிச் சைவர் எழுதுவன பெரும்பாலும் தூஷணத்திற்கு மறுப்பாகவே அமைந்துள்ளன. அப்பிரசாரம் கைக்கொண்ட முறைகள் யாவை, அவற்றுள் எது பலித்தது, எது பிரசாரகர் கருதாத பலனைத் தந்தது என்னும் ஆராய்ச்சி குறைவே.

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்தைத் தேர்ந்தது ஒருவகையில் தற்செயலாகும். 1812-இற் கல்கத்தாவை அடைந்த அமெரிக்கப் பாதிரிமாரைக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்தியாவில் தங்க விட்டிலர். பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் போர் மூண்ட காலம் அது. அவ்வாறு அலைந்தவருள் நீவெல் என்பவர் இலங்கையை அடைந்து, யாழ்ப்பாணம் தமிழர் வாழும் நாடென்றும், இந்தியத் தமிழகத்திற்கு வாயில் போன்றதென்றும் கண்டார். கம்பெனியார் ஆட்சிக்குப் புறம்பாய், நேரே பிரித்தானிய முடியின்கீழ் இருந்த இலங்கையில் பிரவுன்ரிக் என்னும் தேசாதிபதி இசைவளித்தார். 1816-ஆம் ஆண்டில் டானியல் பூவரும் உவாரனும் தெல்லிப்பழையிலும், மெக்ஸும் ரிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டையிலும் குடிபுகுந்தனர். இரண்டிடத்தும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துப் பழங்கோயில்கள் கூரையின்றிக் கிடந்தன. அவற்றைச் செப்பஞ் செய்து உறைவிடமாக்கினர்.

அக்கூரையற்ற சுவர்கள் இவர்கட்கு முன் சென்றவர் வரலாற்றைத் தாமே கூறுவன. ஒல்லாந்தர் ஆட்சியில் ஞானஸ்நானம் பெற்றவர்க்கே உத்தியோகமும் உரிமையும் உண்டென்னும் நிலையிருந்தது. பெயரளவிற் கிறித்தவராய்ப் பதிவு பெற்றோர் பல்லாயிரவர். ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் நீங்கியவுடன் அவருட் பெரும்பாலோர் வெளிப்படையாகவே சைவராயினர். அதிகாரத்தால் வந்த சமயம் அதிகாரத்துடன் போயிற்று. அமெரிக்கர்க்கோ அதிகாரம் சிறிதும் இல்லை. வந்த சில ஆண்டுகளிலேயே அரசினர் அவரை ஐயுற்றனர். 1820-இல் அச்சுத்தொழில் வல்லாராக வந்த கரெட் என்பவரைத் தேசாதிபதி பார்ன்ஸ் நாட்டில் இருக்க விட்டிலர். புதிய அமெரிக்கப் பாதிரிமார் வருதலும் தடுக்கப்பட்டது. அத்தடை 1833 வரை நின்றது. ஆட்களைக் கூட்ட இயலாத மிஷனுக்கு உள்ளூர் மக்களிலிருந்தே போதகரை ஆக்கிக்கொள்வதன்றி வேறு வழியில்லை. 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்கலாசாலை எழுந்ததற்கு இத்தடையும் ஒரு காரணமாகும்.

அக்கலாசாலைக்கென மிஷனார் வகுத்த திட்டம் இன்றும் வியப்பளிப்பது. ஆங்கிலமும் மேனாட்டு விஞ்ஞானமும் அன்றி, தமிழிலக்கண இலக்கியமும் முறையாகக் கற்பிக்கப்படல் வேண்டும் என்பது அதன் கருத்து. சம்ஸ்கிருதத்திற்கும் அதில் இடம் உண்டு. தமிழ்ப் புலமையில்லாப் போதகன் சொல்லைக் கற்றோர் மதியார் என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். கல்கத்தாவில் அலெக்சாந்தர் டப் என்பார் ஆங்கிலக் கல்வி வழியே பிரசாரம் தொடங்கிப் பெயர் பெற்றது 1830-இல். வட்டுக்கோட்டை அதற்கு ஏழாண்டு முந்தியது. இலங்கை அரசாங்கச் செயலாளராயிருந்த எமர்சன் தென்னன்ற் இக்கலாசாலையின் தரத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்தெண்ணிப் புகழ்ந்தார்.

மாணவர்க்கு உணவும் உடையும் உறையுளும் இலவசம். கிறித்தவர் எல்லையிற் பிள்ளைகள் உண்பதற்குப் பெற்றோர் முதலில் அஞ்சினர், பின்னர்ப் பழகினர். ஒரு மாணவனுக்கு ஆகுஞ் செலவை அமெரிக்காவிலுள்ள ஓர் அன்பர் ஏற்றுக்கொண்டால், அவ்வன்பர் குறிக்கும் பெயர் அம்மாணவனுக்குச் சூட்டப்படும். காரல் விசுவநாத பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப் பிள்ளை என்றிவ்வாறு ஈழத்துத் தமிழ்ப் புலவர் வரலாற்றில் வருஞ் சில பெயர்களின் முற்பாதி இங்ஙனம் வந்ததாகும். பெயரின் முற்பாதி அமெரிக்காவிலிருந்து வந்தது. பிற்பாதி வீட்டிலேயே இருந்தது. செமினரியின் வரலாறு முழுதும் இவ்விரு பாதிகட்கும் இடையே நிகழ்ந்த வழக்கென்றே கூறலாம்.

முதற்றலைவரான டானியல் பூவர் கைக்கொண்ட முறை வானநூலாகும். புராணங்கள் கூறும் மேரு மலையும் ஏழு தீவும் ஏழு கடலும் பொய்யென மாணவர் கண்ணாற் காணின், அப்புராணங்களின்மேல் நிற்கும் சமயமும் சரிந்துவிடும் என்பது அவர் எண்ணம். 1829-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு சந்திர கிரகணம் நேர்ந்தது. அந்நாளிற் பஞ்சாங்கங் கணித்துப் புகழ்பெற்றவர் வட்டுக்கோட்டைப் பகுதியில் வாழ்ந்த விசுவநாத சாஸ்திரியார். அவர் கணிதம் குறித்த நேரமும் அளவும் ஐரோப்பியக் கணிதத்தோடு ஒவ்வாமையைப் பூவர் முன்னரே கண்டு, அவ்வேற்றுமையை யாவரும் அறியப் பறைசாற்றினார். குறித்த இரவில் மாணவரும் ஊராரும் வானத்தை நோக்கினர். கிரகணம் பூவர் கூறியபடியே பற்றி விட்டது.

அன்றிரவு தோற்றது எது என்பதே வினா. பூவர் தோற்றது சைவம் என எண்ணினார். கிரகண காலங் கணிப்போர் எவரும் பாம்பு விழுங்குங் கதையைக் கொண்டு கணித்திலர். சூரிய சித்தாந்தம் முதலிய நூல்கள் பூமியின் நிழல் சந்திரனை மறைத்தலையே கூறுகின்றன. சாஸ்திரியார் கணக்கிற் பிழை நேர்ந்தது பழைய வாய்பாடுகளிற் காலப்போக்கில் திரண்ட வேற்றுமையால். பல நூற்றாண்டாகத் திருத்தப்பெறாத கணிதம் சில நிமிடம் பிசகுதல் இயல்பு. பதி பசு பாச இலக்கணத்திற்கும் அந்நிமிடங்கட்கும் யாதொரு தொடர்பும் இல்லை. முப்பத்தாறு தத்துவங்களுள் ஒன்றும் அன்றிரவு இடம்பெயர்ந்ததில்லை.

ஆயினும் இவ்விடை கூறி அமைதல் நேர்மையாகாது. அன்று அவ்விடையைக் கூறுவார் வட்டுக்கோட்டையில் எவரும் இருந்திலர் என்பதே உண்மை. சைவப் பிள்ளைகட்குச் சித்தாந்தம் இன்னது, புராணம் இன்னது, கணிதம் இன்னது எனப் பகுத்துக் கற்பித்த பள்ளி யாழ்ப்பாணத்தில் ஒன்றும் இருந்திலது. திண்ணைப் பள்ளிகளில் நிகண்டும் நீதி நூலும் மனனஞ் செய்யப்பட்டன. கோயில்களிற் புராணபடனம் நிகழ்ந்தது. சாத்திரம் மடங்களிலும் சில புலவர் வீடுகளிலும் ஏட்டுச் சுவடியாய்க் கிடந்தது. எல்லாவற்றையும் ஒன்றெனக் கருதிய மாணவனுக்கு ஒன்று சரியவே எல்லாம் சரிந்தன போலத் தோன்றின. பூவரின் வெற்றி வானநூலின் வலிமையால் வந்ததைக் காட்டினும் சைவர் தம் கல்வியின் வறுமையால் வந்ததே மிகுதி.

பூவர் 1830-களின் நடுவில் மதுரைக்குச் சென்றபின் பொறுப்பேற்ற ஹொய்சிங்டன் இயல்பு வேறு. அவரும் அதே வானநூல் வழியிலேயே தொடங்கினார். ஆயினும் எதிரியின் நூலைப் படித்தன்றிப் பழித்தல் தகாது என்னும் கொள்கையர் போலும். தமிழர் கணித முறையை ஆழ்ந்து கற்று, 1848-இல் அதனைக் குறித்து மூலமும் மொழிபெயர்ப்பும் விளக்கமும் அடங்கிய ஒரு பெருநூலை மிஷன் அச்சுக்கூடத்திற் பதிப்பித்தார். அங்கிருந்து அவர் சித்தாந்த சாத்திரத்திற்குச் சென்றார். புராணக் கதைகளைத் தாக்குவது மரத்தின் இலையைக் கிள்ளுவது. வேர் சித்தாந்தத்தில் உள்ளது என அவர் கண்டமை அவர் தேர்ந்த நூல்களாலேயே விளங்கும். சாத்திரம் பதினான்கனுள் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் தேர்ந்து, தத்துவக் கட்டளையை அவற்றிற்கு முன்வைத்த அடைவு, ஒரு நல்லாசிரியனிடம் பாடங்கேட்டவன் வைக்கும் அடைவேயாகும்.

அம்மொழிபெயர்ப்பிற் குற்றங்கள் இல்லாமலில்லை. மலம், திரோதானம், அத்துவிதம் முதலிய சொற்கட்கு அவர் கொண்ட பொருள்கள் பல இடங்களில் தம் சமய நோக்கிற் சாய்ந்தன. மாபாடியம் அச்சேறாத காலம் அது. வேரை அறுக்கவென்றே தோண்டினார் என்பதும் மறுக்க முடியாதது. எனினும் தோண்டியவர் அவ்வேரை ஊறுபடாது எடுத்து மேனாட்டார் கையில் வைத்துச் சென்றார். வேதாந்தமொன்றே இந்து தத்துவம் என மேனாட்டறிஞர் கருதியிருந்த நாளில், ஆகமத்தையும் தமிழையும் அடியாகக் கொண்ட தனித் தரிசனம் ஒன்று உண்டென அவர்க்கு முதலில் அறிவித்த அச்சேடுகளுள் இஃது ஒன்று.

இத்தகைய உழைப்பெல்லாம் பாஸ்டன் சங்கத்தார் கண்ணுக்கு வேறாகத் தோன்றியது. அச்சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் என்பவர் பிரசாரமுறை பற்றித் திட்டமான கொள்கை உடையவர். உள்ளூர்ச் சபைகள் தம்மைத் தாமே ஆளல் வேண்டும், தம் செலவைத் தாமே தாங்கல் வேண்டும், தம் சமயத்தைத் தாமே பரப்பல் வேண்டும் என்னும் மூன்றும் அவர் கோட்பாடு. நாகரிகத்தைக் கொடுத்துச் சமயத்தைப் பின்னர்க் கொடுக்கலாம் என்பதை அவர் ஏற்றிலர். தாய்மொழியிற் போதித்துக் கிராமச் சபைகளை நிறுவி, உள்ளூர்ப் போதகரிடம் ஒப்படைத்துவிட்டு மிஷனரி அகலல் வேண்டும் என்பது அவர் துணிபு. 1855-இல் யாழ்ப்பாணம் வந்து அவர் கண்டது யாது? நாற்பதாண்டு உழைப்பின்பின் சபையில் முழு அங்கத்தினர் சில நூற்றுவரே. செமினரியிலோ கூட்டம் நெருங்கியது. கூலி கொடுத்துக் கற்கவும் பலர் முன்வந்தனர். ஆனால் வந்தோருட் பலர் ஆங்கிலத்திற்கே வந்தனர். கோல்புரூக் ஆணையத்தார் அறிக்கையின்பின், 1830-களிலிருந்து, அரசாங்க உத்தியோகத்திற்கு ஆங்கிலமே திறவுகோலாயிற்று. போதகர்க்கு மிஷன் அளித்த சம்பளத்தினும் கச்சேரியிற் பெறுஞ் சம்பளம் பன்மடங்கு மிக்கது. வலை வீசியவர் மீனுக்காக வீசினர். மீன்களோ வலையையே வேண்டி வந்து, அதனைக் கொண்டு வேறிடத்துப் பிழைக்கச் சென்றன.

அண்டர்சன் ஆங்கிலத்தை நீக்கச் செய்தார், செமினரி மூடப்பட்டது. அதன் முதற்றலைவர் பூவர் அதனைக் காண இருந்திலர். மதுரையிலிருந்து மீண்டு மானிப்பாயில் வாழ்ந்த அவர் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே பேதிநோயால் இறந்தார். அமெரிக்கச் சங்கத்தார் அன்று தீர்த்த வழக்கு இன்றும் கிறித்தவ உலகில் தீர்ந்தபாடில்லை. பள்ளியும் மருத்துவமனையும் பிரசாரமா, அன்றிப் பிரசாரத்திற்குத் தடையா என்னும் வினாவை அவர்கள் கூடும் பெருமாநாடுகள் தோறும் எழுப்பி வருகின்றனர்.

மருத்துவமும் அச்சும் அம்மிஷனின் மற்றிரு கைகள். மானிப்பாயில் 1848 முதல் மருத்துவசாலை நடாத்திய கிறீன் என்பார், ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்துத் தமிழிலேயே பாடநூல்கள் வெளியிட்டார். மருத்துவர் தமிழராகவே உடுத்துத் தமிழராகவே வாழல் வேண்டும் என்பது அவர் விருப்பம். தமிழிற் கலைச்சொல் ஆக்கம் பேசுவோர் யாரும் அவரைக் கடந்து செல்ல முடியாது. 1841-இல் தோன்றிய உதயதாரகை ஆங்கிலமும் தமிழும் தாங்கிய பத்திரிகை. அதன் ஆசிரியராயிருந்தவரும் செமினரியிற் பயின்ற தமிழரே. 1842-இல் மானிப்பாய் அகராதி வெளிவந்தது.

அவ்வாண்டிலேயே, செப்டம்பர் மாதத்தில், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலைச் சார்ந்த மடத்திற் சைவர் ஏறக்குறைய இருநூற்றுவர் கூடி, வேதாகமம் கற்பிக்கும் பள்ளியொன்றும் அச்சுக்கூடமொன்றும் நிறுவுதல் வேண்டுமென எண்ணினர். அதற்கு முன்னும் எதிர்ப்பு இல்லாமலில்லை. முத்துக்குமாரக் கவிராயர் ஞானக்கும்மியும் ஏசுமத பரிகாரமும் பாடினார். ஆனாற் கும்மிக்கு எதிராகப் பள்ளி நின்றது. பள்ளிக்கு எதிராகப் பள்ளியே நிற்றல் வேண்டும் என்னும் உணர்ச்சி எழுந்தது அக்கூட்டத்திலேதான்.

எண்ணம் செயலானது ஆறு ஆண்டுகளின் பின். நல்லூர்க் கந்தப் பிள்ளையின் மைந்தரான ஆறுமுக நாவலர் வட்டுக்கோட்டையிற் பயின்றவரல்லர். யாழ்ப்பாண நகரில் வெஸ்லியன் மிஷனார் பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராய் அமர்ந்தவர். பார்சிவல் பாதிரியார்க்குத் தமிழ்ப் பண்டிதராய் விவிலிய மொழிபெயர்ப்பில் உடனிருந்து உதவியவர். நீறணிந்த நெற்றியுடனேயே அப்பணியைச் செய்தார்; பாதிரியாரும் அதற்கு இசைந்தார். இதனை இருவர்க்கும் பெருமையாகவே கொள்ளல் வேண்டும். 1847 டிசம்பர் 31-ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். 1848-இற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிப் பார்சிவலின் தொழிலினின்றும் விலகினார். 1849-இற் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டமளித்ததும் அப்பயணத்திலேயே.

நாவலர் செய்தனவற்றை அடைவாக நோக்கின், மிஷனார் முறைகளை ஒன்றும் விடாது அவர் ஆராய்ந்தமை புலப்படும். வாரந்தோறும் பிரசங்கம், வகுப்பு வகுப்பாகப் பிரித்த பள்ளி, படிமுறையாய் அமைந்த பாலபாடம், சிறு பிரசுரம், வினாவும் விடையுமாய் அமைந்த சமய நூல். வினாவிடை முறையை அவர் பாதிரிமாரிடம் கடன் வாங்கினார் என்பார் உளர். மாணவன் வினவ ஆசான் விடுக்கும் முறையில் அமைந்த உண்மைவிளக்கம் சாத்திரம் பதினான்கனுள் ஒன்றென்பதை அவர்கள் மறந்தனர். எனினும் அம்முறையைச் சிறுவர் கையில் அச்சுப் புத்தகமாகக் கொடுக்கலாம் என்னும் எண்ணம் மிஷன் பள்ளியிலிருந்து வந்ததே. அதை ஒளித்தலில் சைவர்க்கு ஆவதொன்றில்லை. வசனநடை வல்லாளர் எனப் போற்றப்படும் நாவலர் அவ்வசனத்தைத் தீட்டிக்கொண்ட களங்களுள் விவிலிய மொழிபெயர்ப்பும் ஒன்றாகும்.

1854-இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரம் இம்முறையின் முதிர்ச்சி. கோயில், தீபம், நைவேத்தியம், தீட்டு, தீர்த்தம் முதலியவற்றை மூடப் பழக்கமெனப் பாதிரிமார் பழித்தனர். நாவலர் சைவ நூலை மட்டும் காட்டி அமைந்திலர். விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலே ஆண்டவன் தன் ஆலயத்திற்கு விதித்த தீபம், தூபம், பலி, தூய்மை ஆகியவற்றை எடுத்து ஒவ்வொன்றாய் எதிர் நிறுத்தினார். பழிப்பின் பழிப்பு எங்கே சென்று தாக்கும் என்பதைப் பாதிரிமார்க்கு அவர் நூலாலேயே காட்டினார். எதிரியின் நூலைக் கற்று வாதிடும் இம்முறையும், வேரைத் தேடிச் சென்ற ஹொய்சிங்டனின் முறையும் ஒன்றுக்கொன்று நிகரானவை. ஒருவர் மொழிபெயர்ப்பும் மற்றவர் மறுப்பும் 1854 என்னும் ஒரே ஆண்டில் வெளிவந்தன.

இனி, சைவர் எழுதும் வரலாறுகளிற் பெரும்பாலும் விடுபட்டுப் போகும் பகுதி ஒன்றுண்டு. நாவலர் சாதியாசாரத்தைச் சைவாசாரத்தின் பகுதியாகவே கொண்டார். அவர் பள்ளியின் வாயில் சைவப் பிள்ளைகள் யாவர்க்கும் ஒப்பத் திறந்திருந்ததில்லை. மிஷனாரும் இதிற் குற்றமற்றவரல்லர். செமினரி மாணவருட் பெரும்பாலோர் உயர்குலத்தாரே. அவரை இழக்க அஞ்சி மிஷனார் பல இடங்களிற் பணிந்து போயினர். ஆயினும் அவர்கள் கிராமப் பள்ளிகளின் கதவு, முணுமுணுப்புடனேனும், மெல்ல மெல்லத் திறந்தது. எழுத்தறிய விரும்பிய ஒரு தந்தைக்குத் தன் சமயத்தார் பள்ளி அடைத்தும் பிறசமயத்தார் பள்ளி திறந்தும் இருந்தால், அவன் எவ்வாயில் நுழைவான் என்பதற்குப் பிரசங்கம் வேண்டுவதில்லை. கிரகணம் காட்டியோ, நூல் மறுத்தோ பெற்றவரினும் இவ்வாயில் வழியாகப் பெற்றவரே மிஷன்கட்கு நிலைத்து நின்றனர்.

1930-ஆம் ஆண்டளவில், உதவிநன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் அமரல் வேண்டும் என அரசினர் வற்புறுத்தியபோது, யாழ்ப்பாணத்திற் சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. அத்தீயை மூட்டியவர் மாற்றுச் சமயத்தாரல்லர். 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உள்ளே சென்று வழிபட வேண்டி நின்ற சைவர், சைவராலேயே தடுக்கப்பட்டனர். மதமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்னும் குரல் பின்னாளில் இலங்கையில் எழுந்தது. 2004-இற் பௌத்தக் கட்சியொன்று கொணர்ந்த வரைவில் அரசியலமைப்புக்கு முரணான பிரிவுகள் உளவென நாட்டின் மீயுயர் நீதிமன்றம் கூறியது; அது சட்டமாகவில்லை. அக்குரலுக்குச் சைவரும் சிலர் குரல் கொடுத்தனர். மாவிட்டபுரத்து வாயிலைப் பற்றி அவ்வரைவில் ஒரு சொல்லும் இருந்திராது.

செமினரி மூடியபின் அதன் மாணவர் சென்ற வழிகள் பலவாயின. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நடாத்திய முதற் பட்டத் தேர்வில் தேறிய இருவரும் வட்டுக்கோட்டை மாணவரே. ஒருவர் காரல் விசுவநாத பிள்ளை. நாவலரை மறுத்துச் சுப்பிரதீபம் என்னும் நூலை எழுதி, பின்னர்ச் சைவத்திற்கே மீண்டவர். மற்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை, தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து மீட்டு அச்சேற்றியவர். செல்லரித்த ஓலைகளைப் பாடபேதம் நோக்கி ஒப்பிடும் பொறுமையை அவர் பெற்றதில் வட்டுக்கோட்டைக் கல்விக்கும் பங்குண்டு. ஆர்னல்ட் சதாசிவம் பிள்ளை கிறித்தவராகவே வாழ்ந்து, 1886-இற் பாவலர் சரித்திர தீபகத்தை வெளியிட்டார். சைவப் புலவர் பலரின் வரலாற்றை அறிய இன்றும் அந்நூலைப் புரட்டவேண்டியுள்ளது.

1872-இல் இரண்டு பள்ளிகள் திறக்கப்பட்டன. வட்டுக்கோட்டையில், அண்டர்சன் மூடிய இடத்திலேயே, ஊர்க் கிறித்தவர் வேண்டுகோளால் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. வண்ணார்பண்ணையில், மிஷன் பள்ளிகளில் நீறணிந்து வருதல் தடுக்கப்பட்டதென்னும் முறையீட்டின்மேல், நாவலர் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். முன்னது நிலைத்தது, பின்னது பொருளின்றி நான்கு ஆண்டிற் குலைந்தது. தம் பிள்ளைகள் மதம் மாறுகின்றனர் எனக் கோயில் வீதிகளில் வருந்திய செல்வர் அவ்வித்தியாசாலைக்கு மாதந்தோறும் கொடுக்க ஒருப்பட்டிலர். 1879-இல் நாவலர் மறைந்தார்.

அவர் கருதிய ஆங்கிலக் கல்லூரி 1890-இலேதான் நிலைபெற்றது. அவர் மறைந்தபின் எழுந்த சைவ பரிபாலன சபையார் அவ்வாண்டிற் புதிதாக ஒன்றைக் கட்டி எழுப்பவில்லை. முன்னரே நகரில் நடந்துவந்த ஓர் ஆங்கிலப் பள்ளியை ஏற்றுக்கொண்டனர். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி ஆனது அதுவே. அப்பள்ளியை 1880-களில் முதன்முதற் தொடங்கியவர் நெவின்ஸ் சிதம்பரப் பிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று அங்கேயே கற்பித்தவர், 1850-இல் நியாய இலக்கணம் என்னும் தருக்க நூலைத் தமிழில் எழுதியவர். 1923-இல் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றி ஊர்தோறும் பள்ளிகளை நிறுவியது. 1960-இலும் அதன் மறு ஆண்டிலும் இலங்கை அரசு உதவிபெறும் பள்ளிகளைத் தன் வயப்படுத்தியபோது, மிஷன் பள்ளிகளிற் பெரும்பாலானவும் சைவப் பள்ளிகளும் ஒரே பட்டியலில் அரசினர் கைக்கு மாறின. வட்டுக்கோட்டையில் 1872-இல் எழுந்த கல்லூரி அப்பட்டியலிற் சேராது தனித்து நின்றது. இன்றும் நடைபெற்று வருகின்றது. சைவப் பிள்ளைகள் அங்குப் பயில்கின்றனர்.